ராபர்ட் ஸ்மால்ஸ்: ஓர் இரவும் அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகளும்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படித்தவர்களிலும் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற பெயரை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களும் பெரும்பாலும் ஒரே ஓர் இரவை வைத்துத்தான் அவரை நினைவில் வைத்திருப்பார்கள். 1862 மே 13 அதிகாலையில், 23 வயது அடிமை ஒருவர் தன்னை வேலை வாங்கியவர்களின் ஆயுதக் கப்பலையே கிளப்பி, மனைவி மக்களோடும் கூட்டாளிகளோடும் எதிரணிக் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தார். எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு படபடக்கும் கதை அது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஏறக்குறைய 53 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் எதைக் கட்டினார், அதை யார் எப்படி இடித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த இரவின் பொருளே முழுதாகப் புரியும். அந்த இரவோடு கதையை நிறுத்திவிடுவது அவருக்கு நாம் செய்யும் குறை என்றே நினைக்கிறேன்.

எஜமானின் வீட்டுக்குப் பின்னால்

தென் கரோலினா மாநிலத்தின் கடலோர ஊர் பியூஃபர்ட். அங்கே பிரின்ஸ் தெருவில் மெக்கீ குடும்பத்தின் பெரிய வீடு. அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த அடிமைகளின் குடிசையில் 1839 ஏப்ரல் 5 அன்று ராபர்ட் பிறந்தார். தாய் லிடியா, அந்த வீட்டின் வேலைக்காரி, மெக்கீ குடும்பத்தின் உடைமை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். தகப்பன் யார் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

அந்த மாநிலத்தின் நிலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1860 கணக்கெடுப்பின்படி தென் கரோலினாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 7 லட்சம். அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். நெல்லும் உயர்ரகப் பருத்தியும் விளைந்த பியூஃபர்ட் வட்டாரத்தில் அடிமைகளின் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது, சிறுபான்மையினர் பெரும்பான்மையினரைச் சட்டத்தாலும் சாட்டையாலும் கட்டி வைத்திருந்த மாநிலம். எண்ணிக்கையின் பயம் அங்கே ஆண்டவர்களை விட்டு ஒருநாளும் அகலவில்லை. அதனால்தான் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதை 1834-லேயே சட்டம் போட்டுக் குற்றமாக்கினார்கள். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மால்ஸின் வாழ்க்கை முழுக்க இதன் நிழல் விழும்.

சிறுவன் ராபர்ட்டுக்கு மெக்கீ வீட்டில் ஓரளவு சலுகை இருந்தது. மகன் அந்தச் சலுகையை நம்பி ஏமாந்துவிடுவானோ என்று அஞ்சிய லிடியா, அடிமைகளைக் கட்டிவைத்து அடிக்கும் இடத்துக்கும் ஏலம் விடும் இடத்துக்கும் அவனை அழைத்துப்போய்க் காட்டியதாக அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பார்த்த பிறகு பையன் அடங்காதவனாகிவிட்டான். அடுத்த பயம் தாய்க்கு வந்தது: இப்படியே இருந்தால் இவனைக் கொன்றுவிடுவார்கள். அவள் கேட்டுக்கொண்டபடி, 12 வயதில் ராபர்ட்டை வேலை செய்து சம்பாதிக்க சார்ல்ஸ்டன் நகரத்துக்கு அனுப்பினார்கள்.

சார்ல்ஸ்டனில் அடிமைகளைக் கூலிக்கு விடுவது பெரிய தொழில். வேலை செய்வது அடிமை, கூலி போவது எஜமானுக்கு. அப்படி வெளியே வேலைக்குப் போகிறவர்கள் நகராட்சி விற்ற செப்பு வில்லையை அணிந்திருக்க வேண்டும். அதில் ஆண்டு, தொழில், ஓர் எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இன்றும் அருங்காட்சியகங்களில் அந்த வில்லைகளைக் காணலாம். ராபர்ட் ஓட்டலில் வேலை பார்த்தார், தெருவிளக்கு ஏற்றினார், அப்புறம் துறைமுகத்துக்குப் போனார். சரக்கு ஏற்றி இறக்குவது, பாய்மரக் கயிறு கட்டுவது, பாய் தைப்பது, கடைசியில் சுக்கான் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். வாரக் கூலியில் அவர் கையில் நின்றது ஒரு டாலர்.

1856 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஓட்டலில் வேலை செய்த ஹன்னா ஜோன்ஸ் என்ற அடிமைப் பெண்ணை மணந்தார். 1858-ல் எலிசபெத் பிறந்தாள். ஹன்னாவின் உரிமையாளர் வேறொருவர் என்பதால் குழந்தையும் அவருக்கே சொந்தம். மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்கிவிட ராபர்ட் பேசிப் பார்த்தார். கேட்ட விலை 800 டாலர். அவரிடம் சேர்ந்திருந்தது 100 டாலர். அதற்குள் யாராவது இருவரையும் வாங்கி எங்கோ கொண்டுபோய்விட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது. கப்பலைக் கடத்தும் எண்ணம் இந்த 700 டாலர் இடைவெளியில்தான் முளைத்தது என்று சொன்னால் தப்பில்லை.

அந்த இரவு எப்படிச் சாத்தியமானது

1861 ஏப்ரலில் சார்ல்ஸ்டன் வாயிலில் இருந்த சம்டர் கோட்டையின் மீது, அடிமைமுறையைக் காக்க நாட்டிலிருந்து பிரிந்த தென் மாநிலங்கள் சுட்ட குண்டுகளோடு, லிங்கன் அரசின் பக்கம் நின்ற வடக்குக்கும் தெற்குக்கும் போர் தொடங்கியது. பருத்தி ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பலான பிளான்டரைத் தென்னகப் படை எடுத்துக்கொண்டது. கோட்டைகளுக்குத் தளவாடம் கொண்டுபோவது, நீரடி வெடிகள் பதிப்பது எல்லாம் அதன் வேலை. சுக்கானில் நின்றவர் ஸ்மால்ஸ். துறைமுகத்தின் ஆழம், மணல் திட்டு, நீரோட்டம் எல்லாம் தெரிந்த பைலட்டின் வேலையைத்தான் செய்தார். ஆனால் கறுப்பினத்தவருக்கு அந்தப் பதவிப் பெயரைக் கொடுக்க மாட்டார்கள். வெறும் சுக்கான் பிடிக்கிறவன், அவ்வளவுதான்.

ஸ்மால்ஸின் துணிச்சலைப் பாராட்டுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் விஷயம் இது. அந்தக் கப்பல் எந்தக் கோட்டைக்கு முன்னால் எந்தச் சங்கு ஊதும், கேப்டன் எந்த இடத்தில் எப்படி நிற்பார், எந்த வேகத்தில் போனால் காவலர்கள் தலைநிமிர்ந்து பார்க்க மாட்டார்கள் என்பதெல்லாம் மாதக்கணக்கில் அவர் கண்ணெதிரே நடந்தவை. அவர் பார்க்கிறார் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அடிமைக்கு மூளை இல்லை என்று நம்பிய சமூகம், தன் ரகசியங்களை எல்லாம் அடிமையின் முன்னாலேயே பரப்பி வைத்திருந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. 1861 நவம்பர் 7 அன்று வடக்கின் கடற்படை போர்ட் ராயல் விரிகுடாவைப் பிடித்தது. பியூஃபர்ட்டின் வெள்ளையர்கள் ஊரைக் காலிசெய்து ஓடினார்கள். ஸ்மால்ஸ் பிறந்த ஊர், அவருடைய தாய் இருந்த ஊர், விடுதலையான மண்ணாகிவிட்டது. சார்ல்ஸ்டனுக்கு வெளியே முற்றுகையிட்டு நின்ற வடக்கின் கப்பல்கள் அந்த மண்ணின் வாசல் போல ஆயின. தப்பிப்பதற்கு இனிமேல் நூற்றுக்கணக்கான மைல் காடு மேடு தாண்ட வேண்டாம். துறைமுகத்தின் வாயைத் தாண்டினால் போதும்.

மே 12 அன்று பிளான்டர் கோல்ஸ் தீவிலிருந்து நான்கு பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு திரும்பியது. மறுநாள் அவற்றை வேறு இடத்தில் இறக்க வேண்டும். கேப்டன் ரெல்யேவும் மற்ற இரண்டு வெள்ளை அதிகாரிகளும் இரவு கப்பலில்தான் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. மூவருமே கரைக்குப் போய்விட்டார்கள். அதிகாலை மூன்று மணி அளவில் ஸ்மால்ஸும் தோழர்களும் கொதிகலனைச் சூடேற்றினார்கள். வேறொரு துறையில் ஒளிந்து காத்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். ஹன்னாவும், எலிசபெத்தும், கைக்குழந்தையான மகனும் அதில் இருந்தார்கள். மொத்தம் 16 பேர். பிடிபட்டால் உயிரோடு அகப்படுவதில்லை, கப்பலை மூழ்கடித்துவிடுவது, அதுவும் முடியாவிட்டால் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள்.

ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கேப்டன் நிற்கிற மாதிரியே நின்றார். வழியில் காவல் நிலைகள். ஒவ்வொன்றிலும் சரியான சங்கு ஒலி. கடைசியாக நான்கரை மணி வாக்கில் சம்டர் கோட்டை. அவசரப்படாமல், வழக்கமான வேகத்தில், அதன் பீரங்கிகளுக்கு அடியிலேயே கப்பலை ஓட்டினார். காவலர்கள் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். கப்பல் வழக்கமான பாதையில் திரும்பாமல் நேராகக் கடலை நோக்கிப் போகிறது என்று புரிந்தபோது அது குண்டு எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது.

அடுத்த ஆபத்து எதிரே. தென்னகக் கப்பல் ஒன்று விடிகாலையில் தங்களை நோக்கி வருவதைக் கண்ட வடக்கின் ஆன்வர்ட் கப்பல் சுடுவதற்குத் தயாரானது. பிளான்டரில் தென்னகக் கொடிகளை இறக்கிவிட்டு, ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றியிருந்தார்கள். யாரோ ஒரு மாலுமி கடைசி நேரத்தில் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். சுடவில்லை. கப்பல் அருகில் வந்ததும் ஸ்மால்ஸ் தொப்பியைக் கழற்றி, அமெரிக்காவின் பழைய பீரங்கிகள் சிலவற்றைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று அறிவித்தார்.

பீரங்கிகளைவிடப் பெரிய சரக்கு அவர் தலைக்குள் இருந்தது. கோல்ஸ் தீவைத் தென்னகப் படை காலிசெய்துவிட்டது, வெடிகள் இன்ன இடத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன, காவல் எங்கே எத்தனை பேர் என்ற விவரங்களை அவர் கடற்படைத் தளபதி டூ பான்ட்டிடம் சொன்னார். ஒரு வாரத்துக்குள் வடக்குப் படை அந்தத் தீவுப் பகுதியைப் பிடித்தது. எங்களிடம் தப்பி வந்தவர்களிலேயே இவர்தான் மேலானவர் என்று டூ பான்ட் மேலிடத்துக்கு எழுதினார்.

எதிரியின் கப்பலைப் பிடித்தால் அதன் மதிப்பில் பங்கு தரும் வழக்கம் அன்றைய கடற்படையில் உண்டு. ஸ்மால்ஸ் குழுவினர் படைவீரர்களே இல்லை என்பதால் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. மே 30 அன்று லிங்கன் கையெழுத்திட்டார். ஸ்மால்ஸின் பங்கு 1,500 டாலர். அவருடைய நிலையில் இருந்தவருக்கு அது பெரும் தொகை. ஆனால் கப்பலின் மதிப்பை 9,000 டாலர் என்று மிகவும் குறைத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கைச் சரிசெய்து மீதியைக் கொடுக்க நாடாளுமன்றத்துக்கு 1900 வரை ஆனது.

சீருடை, எழுத்து, வண்டி

1862 ஆகஸ்டில் மான்ஸ்ஃபீல்ட் ஃபிரெஞ்ச் என்ற மதபோதகருடன் ஸ்மால்ஸ் வாஷிங்டன் போனார். கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வேண்டும் என்று கேட்பதுதான் நோக்கம். அதுவரை லிங்கன் அரசு தயங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்பும்போது, தென் கரோலினாக் கரையில் 5,000 கறுப்பினத்தவர் வரை படையில் சேர்க்கலாம் என்ற போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனின் உத்தரவு கையில் இருந்தது. ஸ்மால்ஸ் ஒருவரால்தான் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். பல பக்கத்து அழுத்தம் அதில் சேர்ந்திருந்தது. ஆனாலும் கறுப்பர்கள் சண்டை போடுவார்களா என்று கேட்டவர்களுக்கு முன்னால் நிறுத்த ஸ்மால்ஸைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கின் தரைப்படையில் சேவை செய்தார்கள்.

1863 ஏப்ரல் 7 அன்று சார்ல்ஸ்டன் மீதான கடற்படைத் தாக்குதலில், இரும்புக் கவசக் கப்பலான கியோகுக்கின் பைலட் ஸ்மால்ஸ். அந்தக் கப்பல் 90-க்கும் மேற்பட்ட அடி வாங்கி மறுநாள் மூழ்கியது, அவர் பிழைத்தார். அதே ஆண்டின் இறுதியில் பிளான்டர் கடும் குண்டுவீச்சில் சிக்கியபோது, கேப்டன் பயந்து நிலக்கரி அறைக்குள் ஒளிந்துகொள்ள, ஸ்மால்ஸ் கப்பலைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். அதன்பின் அந்தக் கப்பலுக்கு அவரையே கேப்டனாக்கினார்கள்.

ஆனால் கடற்படையில் அவருக்கு முறையான அதிகாரி நியமனம் கொடுக்கப்படவில்லை. அப்போது அது சின்ன எழுத்து வேலையாகத் தெரிந்திருக்கலாம். பின்னாளில் ஓய்வூதியம் கேட்டபோது, நீங்கள் கடற்படையில் சேரவே இல்லையே என்று பதில் வந்தது. 1897-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு மாதம் 30 டாலர் கொடுக்கும்வரை அந்த அலைச்சல் தீரவில்லை.

1864-ல் பிளான்டரைப் பழுதுபார்க்க ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே கழித்த மாதங்களில் ஆசிரியர்களை வைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். வயது 25. அதே நகரத்தில் ஒரு நாள், குதிரை இழுக்கும் தெரு வண்டியில் வெள்ளையருக்கு இடம்விட்டு வெளி மேடையில் நிற்கும்படி சொன்னார்கள். அவர் இறங்கி நடந்தார். போர் வீரர் ஒருவருக்கே இப்படியா என்று செய்தி பரவி, முன்பே நடந்துகொண்டிருந்த போராட்டத்துக்கு வலு சேர்த்தது. 1867-ல் பென்சில்வேனியா மாநிலம் தெரு வண்டிகளில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

வீடும் பள்ளியும்

போரின்போது நேரடி வரி கட்டாத தென்னகச் சொத்துகளை மத்திய அரசு ஏலம் விட்டது. ஓடிப்போனவர்கள் வந்து வரி கட்டவில்லை. அப்படி ஏலத்துக்கு வந்த சொத்துகளில் ஒன்று பிரின்ஸ் தெரு வீடு. தான் அடிமையாகப் பிறந்த அந்த வளாகத்தை ஸ்மால்ஸ் விலைக்கு வாங்கினார். போருக்கு முன்பே மெக்கீயிடமிருந்து அதை வாங்கியிருந்த டி ட்ரெவில் என்பவர், ஏலம் செல்லாது என்று வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1878-ல் ஸ்மால்ஸுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. இது ஒருவரின் வீட்டுப் பிரச்சினை மட்டுமாக இருக்கவில்லை. வரி ஏலத்தில் துண்டு நிலம் வாங்கியிருந்த கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றின் பத்திரமும் அந்தத் தீர்ப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய எஜமானின் மனைவி முதிய வயதில் நினைவு தடுமாறி அந்த வீட்டுக்கே வந்தபோது, ஸ்மால்ஸ் அவரை உள்ளே விட்டுப் பழைய அறையிலேயே தங்க வைத்தார் என்றும் ஒரு செய்தி சொல்லப்படுகிறது.

போர் முடிந்ததும் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தென் மாநிலங்கள் உடனே வேறு பெயரில் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பரை நாடோடி என்று பிடித்துக் கட்டாய வேலைக்கு அனுப்புகிற சட்டங்கள் அவை. அதற்குப் பதிலடியாக 1867-ல் நாடாளுமன்றம் மறுசீரமைப்புச் சட்டங்களை இயற்றி, கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை கொடுத்துப் புது அரசியல் சட்டம் எழுதச் சொன்னது. பெரும்பான்மை கறுப்பினத்தவரான தென் கரோலினாவில் அதன் விளைவு என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1868-ல் சார்ல்ஸ்டனில் கூடிய அரசியல் சட்ட மாநாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர்.

அந்த மாநாட்டில் ஸ்மால்ஸ் வலியுறுத்தியது பள்ளிக்கூடம். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி வேண்டும், அது கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்றார். தென் கரோலினாவின் முதல் மாநிலம் தழுவிய பொதுப் பள்ளி அமைப்பு அந்த அரசியல் சட்டத்தில் பிறந்தது. ஏழை வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதுவரை அப்படியொன்று கிடையாது. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் பிளான்டரைவிடப் பெரிய காரியம் இதுதான். 1834 சட்டம் பூட்டிய கதவை, அந்தச் சட்டத்தால் 25 வயது வரை எழுத்தறியாமல் இருந்த மனிதர், மாநிலத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்துத் திறந்தார்.

மாநிலச் சட்டமன்றம், மேலவை, பிறகு 1874 தேர்தலில் வென்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை. ஐந்து முறை அந்தச் சபையில் இடம்பெற்றார். பியூஃபர்ட் பகுதி மக்கள் அவரைக் கடைசிவரை விடவில்லை.

துப்பாக்கி, வழக்கு, வாக்குப்பெட்டி

1876 ஜூலையில் ஹாம்பர்க் என்ற சிற்றூரில், கறுப்பினத்தவரின் உள்ளூர்ப் படைப்பிரிவை வெள்ளைக் கும்பல் தாக்கி, சரணடைந்தவர்களையும் சுட்டுக் கொன்றது. அந்த ஆண்டுத் தேர்தல் முழுவதும் செஞ்சட்டை அணிந்த ஆயுதக் குழுக்கள் கறுப்பின வாக்காளர்களை மிரட்டின. வெள்ளையர் ஆதிக்கத்தை மீட்க நின்ற ஜனநாயகக் கட்சியின் வேட் ஹாம்ப்டன் ஆளுநரானார். 1877-ல் மத்தியப் படைகளின் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுசீரமைப்புக் காலம் அத்தோடு முடிந்தது.

ஆட்சி மாறிய அதே ஆண்டில் ஸ்மால்ஸ் கைது செய்யப்பட்டார். மேலவையில் அச்சு வேலைகளுக்கான குழுவின் தலைவராக இருந்தபோது 5,000 டாலர் லஞ்சம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. முக்கியச் சாட்சி, தானே பணம் கையாடியதை ஒப்புக்கொண்டு சலுகை பெற்ற ஓர் அதிகாரி. மூன்றாண்டு தண்டனை விதித்தார்கள். மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே 1879-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். பதிலுக்கு, தேர்தல் முறைகேட்டுக்காக மத்திய அரசு ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மீது போட்டிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. அந்தக் காலத்து மாநில அரசியலில் ஊழல் இருந்தது, இரு தரப்பிலும் இருந்தது. ஆனால் வழக்கு வந்த நேரத்தையும் அது முடிந்த விதத்தையும் பார்த்தால், லஞ்சத்தைத் தண்டிப்பதைவிட ஸ்மால்ஸை அரசியலிலிருந்து அகற்றுவதே நோக்கம் என்பது தெளிவாகத் தெரிகிறது. 1878-ல் கில்லிசன்வில் என்ற இடத்தில் அவர் பேச வந்த கூட்டத்தையே செஞ்சட்டைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சுற்றுவட்டாரக் கறுப்பின மக்கள் கையில் கிடைத்த ஆயுதங்களோடு திரண்டு வந்ததால்தான் அவர் உயிர் தப்பினார்.

துப்பாக்கி எல்லா நாளும் உதவாது, மத்திய அரசு விசாரணைக்கு வரலாம் என்பது புதிய ஆட்சியாளர்களுக்குத் தெரியும். அதனால் 1882-ல் ஒரு தேர்தல் சட்டம் கொண்டுவந்தார்கள். பதவிவாரியாகப் பிரித்து மொத்தம் எட்டு வாக்குப்பெட்டிகள். சரியான சீட்டைச் சரியான பெட்டியில் போடாவிட்டால் வாக்கு செல்லாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால்தான் வாக்களிக்க முடியும். பெட்டிகளின் வரிசையையும் இடையில் மாற்றிவைக்கலாம். படிப்பைத் தடைசெய்த அதே ஊர், படிப்பில்லை என்று சொல்லி வாக்கைப் பறித்தது. கூடவே, கறுப்பின வாக்காளர்களை முடிந்தவரை ஒரே தொகுதிக்குள் அடைத்து வரைபடத்தை மாற்றினார்கள். மற்ற தொகுதிகள் பாதுகாப்பாகிவிட்டன. 1886-ல் ஸ்மால்ஸ் தோற்கடிக்கப்பட்டார்.

1895

மிச்சமிருந்த வாக்குரிமையையும் எடுத்துவிட 1895-ல் புது அரசியல் சட்ட மாநாடு கூடியது. அதை நடத்தியவர் பென் டில்மன். ஹாம்பர்க் கொலைகளில் பங்கேற்ற செஞ்சட்டைக்காரர், அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டவர், முன்னாள் ஆளுநர். 160 பிரதிநிதிகளில் கறுப்பினத்தவர் ஆறு பேர். அவர்களில் ஒருவர் 56 வயது ஸ்மால்ஸ்.

தோல்வி உறுதி என்று தெரிந்த சபையில் அவர் பேசிய பேச்சுகளை நான் மிகவும் மதிக்கிறேன். கொல்லப்பட்டவர்களின் கணக்கைச் சொன்னார். படித்தவருக்கே வாக்கு என்பதை உண்மையாகவே விரும்பினால் வெள்ளையருக்கும் அதே அளவுகோலை வையுங்கள் என்று ஆறு பேரும் வாதிட்டார்கள். கலப்புத் திருமணத்தைத் தடைசெய்யும் பிரிவு வந்தபோது, கறுப்பினப் பெண்ணோடு உறவு வைத்திருக்கும் வெள்ளையர் எவரும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்மால்ஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபை சங்கடத்தில் நெளிந்தது; திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். அவருடைய கல்லறை அருகே இன்று பொறிக்கப்பட்டிருக்கும் வாசகமும் அந்த மாநாட்டில் பேசியதுதான்: என் இனத்துக்குத் தனியாக வக்காலத்து தேவையில்லை, இந்த நாட்டில் அவர்களின் கடந்தகால வரலாறே அவர்கள் எங்கேயுள்ள எந்த மக்களுக்கும் சமமானவர்கள் என்பதை நிரூபிக்கிறது, வாழ்க்கைப் போராட்டத்தில் சமவாய்ப்பு ஒன்றே அவர்களுக்கு வேண்டும்.

மாநாடு தன் வேலையை முடித்தது. வாக்கு வரி, இரண்டாண்டு வசிப்பு நிபந்தனை, அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்தோ படிக்கக் கேட்டோ விளக்க வேண்டும் என்ற சோதனை. சோதிக்கிறவர் வெள்ளை அதிகாரி. யார் விளக்கியது சரி என்பதும் அவர் முடிவு. கறுப்பர் என்ற சொல்லே இல்லாமல் கறுப்பர்களின் வாக்கைப் பறிக்கும்படி அது எழுதப்பட்டிருந்தது. ஸ்மால்ஸ் கையெழுத்திட மறுத்தார். கையெழுத்திடாவிட்டால் பயணப்படி கிடையாது என்ற பேச்சு எழுந்தபோது, கையெழுத்துப் போடுவதைவிட பியூஃபர்ட்டுக்கு நடந்தே போவேன் என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது பியூஃபர்ட் துறைமுகத்தின் சுங்க வரித் தலைவர் பதவி. அதில் 1889 முதல் இடைவெளிகளோடு 1913 வரை இருந்தார். ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் அமெரிக்க அதிபரானதும் அதுவும் போனது. 1915 பிப்ரவரி 23 அன்று, பிரின்ஸ் தெரு வீட்டிலேயே 75 வயதில் காலமானார்.

அப்புறம் ஏன் இவரை நாடே மறந்தது? அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பாடநூல்களை எழுதியவர்கள், மறுசீரமைப்புக் காலத்தை ஊழலும் அறியாமையும் ஆண்ட காலம் என்றே எழுதினார்கள். அந்தக் கதையில் ஸ்மால்ஸ் போன்றவர்களுக்கு இடமிருந்தால் தண்டனை பெற்ற அரசியல்வாதியாகத்தான் இருக்க முடியும். மாநிலத் தலைமைச் செயலக வளாகத்தில் டில்மனுக்கு 1940-ல் சிலை வைத்தார்கள். அது இன்றும் நிற்கிறது. ஸ்மால்ஸின் பெயருக்கு மீட்சி மெதுவாகத்தான் வந்தது. 2017-ல் பியூஃபர்ட்டில் மறுசீரமைப்புக் காலத்துக்கென்று ஒரு தேசிய நினைவுச் சின்னம் அறிவிக்கப்பட்டது. 2023-ல், தென்னகப் படையின் வெற்றி ஒன்றின் பெயரைத் தாங்கியிருந்த சான்சலர்ஸ்வில் என்ற கடற்படைக் கப்பலுக்கு ராபர்ட் ஸ்மால்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அவருக்குத் தலைமைச் செயலக வளாகத்தில் சிலை வைக்க 2024-ல் மாநிலச் சட்டமன்றம் ஒப்புதல் கொடுத்தது.

வாக்குரிமையின் கணக்கு இன்னும் தாமதமாகத்தான் நேரானது. 1897-ல் ஜார்ஜ் மரே பதவியிலிருந்து இறங்கிய பிறகு, தென் கரோலினாவிலிருந்து அடுத்த கறுப்பினப் பிரதிநிதி வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது 1993-ல். ஸ்மால்ஸ் கையெழுத்திட மறுத்த 1895 அரசியல் சட்டம், பல திருத்தங்களோடு, அந்த மாநிலத்தில் இன்னமும் நடப்பில் இருக்கிறது.